தாந்தேயை நின்று வாசித்தல்

தாந்தேயின் ‘தெய்வீக இன்பியல்’ மிஃராஜிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். 1919இல் ஸ்பானிய அறிஞர் அசின் பலாசியோஸ் எழுதிய நூலே இதற்கு அடிப்படை. ஆனால், பெருமை பேசுவது வாசிப்பாகாது.

அக்குறணையில் நாங்கள் சிலர் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வாரத்துக்கொரு காண்டமாக வாசித்து வருகிறோம். மொத்தம் 100 காண்டங்கள். நரகத்தின் 28ஆம் காண்டம் நபிகளாரை (ஸல்) இழிவுபடுத்துகிறது. “இதோட நிப்பாட்டுவம்” என்றார் ஒருவர். எங்களுக்கு வழிகாட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ, “நாலாம் காண்டத்தைத் திருப்பிப் பாருங்க” என்றார்.

அங்கே இப்னு சீனா, இப்னு ருஷ்த், ஸலாஹுத்தீன் மூவரும் வதையின்றி இருக்கிறார்கள். தாந்தேக்கு வழிகாட்டும் விர்ஜிலின் இருப்பிடமும் அதுவே. நம் அறிஞரை மதித்த கவிஞன், நம் நபியைக் கிறிஸ்தவத்தைப் பிளந்தவராக மட்டுமே அறிந்திருந்தான். இது விளக்கம், மன்னிப்பல்ல.

சொர்க்கத்தின் வாசல்வரை வந்து விர்ஜில் மறைகிறார். மிஃராஜில் ஜிப்ரீலும் (அலை) ஸித்ரத்துல் முன்தஹாவில் நின்றுவிடுகிறார். ஒற்றுமை கண்ணைப் பறிக்கிறது, வேற்றுமைதான் முக்கியம். விர்ஜில் ஞானஸ்நானம் பெறாததால் விலக்கப்பட்டவர். ஜிப்ரீலோ தமக்கு விதிக்கப்பட்ட எல்லையில் அடக்கத்தோடு நிற்பவர். ‘நம்மிடம் எடுத்தது’ என்ற ஒற்றை வரிக்குள் இந்த வேற்றுமை அகப்படாது.

1590இல் ஆலிப்புலவர் பாடிய மிகுராசு மாலை நம் கையிலேயே இருக்கிறது. அதையும் இப்படி, அருகில் ஓர் உரைகாரரை வைத்துக்கொண்டு, நின்று வாசித்தவர் நம்மில் எத்தனை பேர்? தாந்தேக்குக் கடன் கொடுத்தோம் என்பவர்கள் முதலில் தம் கையிருப்பைப் பார்க்கட்டும்.