தாலி கட்டும் நொடியில் எந்தக் கேமரா?

சேலம் அஸ்தம்பட்டி வட்டாரக் கல்யாண மண்டபங்களில் கேமராவுக்கு உண்மையான சோதனை தாலி கட்டும் நேரம்தான். கெட்டிமேளம் முழங்க, அட்சதை பறக்க, உறவினர் முண்டியடிக்க, சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். டி.எஸ்.எல்.ஆரா, மிரர்லெஸ்ஸா என்ற வழக்கை அங்கே வைத்துத் தீர்ப்பதே நியாயம்.

டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழி வரும் ஒளியைக் கண்ணாடி ஒன்று வியூஃபைண்டருக்குத் திருப்புகிறது. படம் பதியும்போது கண்ணாடி மேலே மடிவதால் முடிச்சு விழும் கணத்தில் கண்ணுக்கு இருட்டுதான். அதைவிடப் பெரிய குறை ஃபோகஸ். அதற்கென்று தனி சென்சார் இருக்கிறது. படம் பதியும் சென்சாரோடு அது மயிரிழை பிசகினாலும், எஃப் 1.8 திறப்பில் மணப்பெண்ணின் கண் மங்கி நெற்றிச்சுட்டி கூர்மையாகிவிடும். கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் இந்தப் பிசகுக்கு இடமில்லை. இன்றைய மாடல்கள் முகத்தில் கண்ணைத் தேடிப் பிடித்துத் தொடர்கின்றன. எடையும் குறைவு: டி.எஸ்.எல்.ஆரான கேனான் 6டி மார்க் 2 765 கிராம், மிரர்லெஸ்ஸான ஈ.ஓ.எஸ். ஆர்.பி. 485 கிராம். நாள் முழுக்கத் தூக்கும் தோளுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

மிரர்லெஸ்ஸின் குறைகளும் சிறியவை அல்ல. ஒரு சார்ஜில் டி.எஸ்.எல்.ஆரான நிக்கான் டி850 1,840 படங்கள் எடுக்கும். அதே தர அளவீட்டில் மிரர்லெஸ்ஸான இசட்6 310தான். மாலை ரிசப்ஷனில் தொடங்கி மறுநாள் முகூர்த்தம்வரை நிற்பவர் பேட்டரிகளைப் பையில் அடுக்க வேண்டும். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை நம்பினால், மேடையின் எல்.இ.டி. விளக்கில் படத்தில் பட்டைகள் விழலாம். லென்ஸ் மாற்றும்போது பல மாடல்களில் சென்சார் திறந்தே கிடப்பதால் தூசி எளிதாகப் படியும்.

கேனானும் நிக்கானும் 2018இல் முழு ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்குள் நுழைந்தன. எதிர்காலம் எந்தப் பக்கம் என்பதில் இனி ஐயமில்லை. ஆனால் அதற்காகச் சிறு ஸ்டுடியோக்காரர் கடன் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது தவறு. கேனான் டி.எஸ்.எல்.ஆருக்கான பழைய இ.எஃப். லென்ஸ்கள் அடாப்டர் வழியே புதிய கேனான் கேமரா உடலில் நன்றாகவே இயங்குகின்றன.

எப்போது மாறுவது என்பதற்கு ஊரிலேயே ஒரு பாடம் உண்டு. சேலம் ஏற்காடு சாலையில் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை 1956இல் தந்தது. புதையலும் பகட்டும் நிறைந்த அந்தக் கதை வண்ணத்தைக் கேட்டது. வேலை புதியதைக் கேட்கிறதா என்பதே இங்கும் அளவுகோல். கல்யாணம் கேட்கிறது, அதை எடுப்பவர் முதலில் உடலை மாற்றட்டும், லென்ஸ்கள் பிறகு வரட்டும். பாஸ்போர்ட் படமும் ஸ்டுடியோ விளக்கடியில் குழந்தைப் படமும் கேட்கவில்லை, அங்கே டி.எஸ்.எல்.ஆரே போதும். கல்யாண வீட்டாரும் கேமராவின் பெயரை விசாரிக்காமல், புகைப்படக்காரர் எடுத்த ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.