முயலின் பல்லோசை

வாலாஜாபாத்தில் தறிச் சத்தத்துக்குப் பழகி வளரும் வீட்டு முயலுக்குக் குரல் அதிகமில்லை, உடம்பே பேச்சு. சந்தேகம் வந்தால் பின்னங்காலால் தரையைத் தொம்மென்று அறையும். பயம் தெளிந்தால் மோவாயை நம் முழங்காலில் தேய்த்துத் தன் வாசனையைப் பூசிவிடும். நெற்றியை வருடும்போது பற்கள் மெல்ல உரசும். காதைவிட விரல்நுனிக்குத்தான் அந்த அதிர்வு முதலில் தெரியும். அத்தனை நிம்மதி அதில். அதே பல் உரக்க நறநறத்து, உடலும் குறுகிப்போனால் எங்கோ வலி.

நாலைந்து மாதத்தில் பருவம் வரும்போது மடியில் கிடந்த குட்டி திடீரெனக் கடிக்கும், காலைச் சுற்றிச் சுற்றி ஓடும். அது கோபமல்ல, வளர்ச்சி. தூக்காமல், துரத்தாமல், அருகம்புல்லோடு தரையில் உட்கார்ந்து அதுவாக வரட்டும் என்று காத்திருப்பவரின் பொறுமை, நெசவுக்குச் சமமான கைத்திறன்.