உயிர்த்தியாகமும் எழுத்துக்கான புள்ளியும்

உயிரைக் கொடுத்தவரின் எழுத்தை விமர்சிக்க நமக்கு ஒரு தயக்கம். மரணம் வந்ததும் வாசிப்பு நின்று அஞ்சலி தொடங்கிவிடுகிறது. பிலிப்பைன்ஸின் மாணவப் பத்திரிகையாளர்கள் விடயத்திலும் இதுதான் நடக்கிறது.

1972 செப்டெம்பரில் ஜனாதிபதி மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார், பத்திரிகைகள் மூடப்பட்டன. அதற்குச் சற்று முன்னர் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான 'பிலிப்பைன் கொலீஜியன்' ஆசிரியராக இருந்த அன்டோனியோ டகமோலிலா, ஆயுதப் போராட்டத்தில் சேர்ந்து 1974இல் கொல்லப்பட்டார். 1975இல் அதே நாற்காலிக்கு வந்த ஏப்ரகாம் சார்மியன்டோ மலைக்குப் போகவில்லை. ஆசிரியர் தலையங்கம் எழுதினார். 1976 ஜனவரியில் கைதாகி ஏழு மாதங்கள் தடுப்புக்காவலில் இருந்தார். ஆஸ்துமா நோயாளியான அவர், விடுதலையாகி அடுத்த வருடமே 27 வயதில் காலமானார்.

இவர்களில் யார் புரட்சியாளர்? துவக்கு ஏந்தியவரே என்பது வழமையான பதில். ஆட்சியோ அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. மற்றொரு மாணவர் இதழின் துணையாசிரியை லிலியோசா ஹிலாவ் ஆயுதம் ஏந்தியவரல்லர். 1973இல் காவலில் இறந்தார். வயது 23.

ஆட்சி பிரிக்காததை விமர்சகன் பிரித்தாக வேண்டும். டகமோலிலாவின் முடிவை எடைபோடுவது வரலாற்றின் வேலை. அவரது எழுத்தை வாக்கியங்களை வைத்தே எடைபோட வேண்டும். சார்மியன்டோவின் புகழ்பெற்ற அறைகூவல் கேள்விகளாலானது. கோஷம் வாசகனின் யோசனையை முடித்துவைக்கும். கேள்வி அவனிடமே பொறுப்பை ஒப்படைக்கும். அதன் பலம் அவரது மரணத்தால் வந்ததல்ல, அந்த வடிவத்தால் வந்தது.

"உசிரைக் குடுத்தவங்கட எழுத்திலயும் பிழை பிடிக்கிறதா சேர்?" என்று உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். பிடிக்கத்தான் வேணும். பிழை பார்க்காமல் விடுவது மரியாதையில்லை. வாசிக்காமல் விடுவதுதான் அது.

பத்திரிகையாளர் ஹோசே லகாபா 1973இல் புனைபெயரில் ஒரு கவிதையை அரசு அனுமதித்த சஞ்சிகையிலேயே வெளியிட்டார். வரிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகக் கூட்டினால் மார்க்கோஸுக்கு எதிரான வீதிக் கோஷம் வரும். நமது சித்திரகவி மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அவரது துணிச்சலைப் புகழ்வோர் அந்த யாப்புவேலையைப் பேசுவதில்லை. ஆனால் அந்த வேலை சரியாக அமையாதிருந்தால் கவிதை அச்சேறியே இராது.

தியாகத்துக்குத் துஆச் செய்வோம். புள்ளியை எழுத்துக்கு மட்டும் போடுவோம்.