சித்தி மக்களின் கைவினையில் ஆப்பிரிக்க மரபு: பெயரும் செய்முறையும்

ஒரு கைவினைப்பொருளின் பெயர் எம்மொழிக்கு உரியது என்பதும், அதன் செய்முறை எங்கிருந்து வந்தது என்பதும் வேறுவேறு வினாக்கள். விழிஞ்ஞத்து மீனவர் மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்த கலம் கட்டுமரம். அச்சொல்லைக் கடன்பெற்ற ஆங்கிலமோ அதனால் ஈருடற் படகைக் குறிக்கிறது. அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்த சித்தி மக்களைப் பற்றி எழுதுவோர் (தமிழில் இப்பெயர் சிற்றன்னையையும் குறித்து இடர் தருகிறது) இவ்விரு வினாக்களையும் ஒன்றாக்கிவிடுகின்றனர்.

வடகன்னட மாவட்டத்துச் சித்தியருள் பலர், போர்த்துகீசியரின் கோவாவிலிருந்து தப்பிக் காடுகளில் குடியேறியோரின் வழியினர். அவர்தம் பெண்கள் பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வை கவந்தி எனப்படும். ஒரு மூலையில் தொடங்கி, ஓரங்களைச் சுற்றி, நடுவை நோக்கித் தையல் செல்லும். மூலைகளில் முக்கோணமாக மடித்துப் பதிக்கும் துணிக்குப் ‘பூல’, அதாவது பூ, என்று பெயர். அது இல்லாத கவந்தியை ஆடையற்றது என்பர். இச்சொற்களுள் ஆப்பிரிக்க மொழிச்சொல் ஒன்றுமில்லை. ‘பூல’ இந்தோ-ஆரியச் சொல். கவந்தியை ஒத்த ‘கௌதி’யைச் சித்தியரல்லாத கன்னடப் பெண்களும் தைக்கின்றனர். எனினும் 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் நடந்த கண்காட்சியின் தலைப்பு இவர்களை ஆப்பிரிக்கர் என்றே குறித்தது. கலை வரலாற்றறிஞர் ஹென்றி ட்ரூவால் வண்ண அடுக்கில் காணும் ஆப்பிரிக்க ஒப்புமை ஆராயத்தக்கதே. ஆயினும் ஒப்புமை வேறு, வழிவரவு வேறு. கௌதியுடன் ஒப்பிட்ட பின்னரே வழிவரவைப் பேச இயலும்.

குஜராத்தில் நிலை வேறு. அங்குள்ள சித்தியரின் ‘கோமா’ ஆட்டத்தின் பெயர், பாந்து மொழிகளில் முரசையும் ஆடலையும் குறிக்கும் ‘ங்கோமா’ என்பதே. முதலிலிருந்த மூக்கொலி மட்டும் நீங்கியுள்ளது. சுரைக்குடுக்கை கட்டிய வில்லின் நாணைக் குச்சியால் தட்டி இசைக்கும் ‘மலுங்கா’வுக்குப் பிரேசிலின் பெரிம்பாவ் உறவுடையது, அதுவும் அடிமைகளுடன் சென்ற கருவியே. இங்குப் பெயரும் பொருளும் சேர்ந்தே சான்று தருகின்றன.

ஆதலின் கவந்தியை ‘ஆப்பிரிக்க ஒட்டுப்போர்வை’ எனத் தமிழாக்குவது, சான்று இல்லாத முடிவைச் சொல்லுக்குள் புகுத்துவதாகும். 2003இல் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்டு, தலைமுறைகளாகக் கொங்கணியும் கன்னடமும் பேசிவரும் மக்களை அது மீண்டும் அயலாராக்குகிறது. வெறும் ‘போர்வை’ என்றாலோ அவர்தம் கைவண்ணம் மறைந்துவிடும். கவந்தி என்றே எழுதி, தையல் செல்லும் முறையை ஒரு தொடரில் விளக்குவதே தக்கது.