கூத்தும் வகைபிரித்தலின் அரசியலும்

எம்.ஏ. தமிழ் படித்தபோது நாட்டார் வழக்காற்றியல் தாளுக்காகக் கூத்தின் பாணிகளை அட்டவணை போட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி. வட ஆற்காடும் செங்கல்பட்டும் வடக்கு, தென்னாற்காடு தெற்கு. பிறகொரு நாள் திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே ஒரு ஊரில் விடியவிடியக் கூத்துப் பார்க்கப் போயிருந்தேன். கொட்டகையில் உட்கார்ந்து அரிதாரம் பூசிக்கொண்டிருந்த பெரியவரிடம், 'ஐயா, நீங்க ஆடுறது எந்தப் பாணி?' என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. எந்த ஊர், எத்தனையாவது நாள் கூத்து, யார் கூப்பிட்டு வந்தது என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். விவரம் தெரியாத மனுசன் என்று நினைத்துக்கொண்டேன். விவரம் தெரியாதது யாருக்கு என்று புரிய எனக்கு நாளாயிற்று.

பாணிகளுக்கு நடுவிலுள்ள அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? ஆற்காடுகளும் செங்கல்பட்டும் வெள்ளைக்காரன் வரி வசூலுக்காக வகுத்துக்கொண்ட ஜில்லாக்கள். 1989இல் வட ஆற்காடு இரண்டாகியது. 1997இல் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019இல் செங்கல்பட்டு மறுபடி மாவட்டமாகத் திரும்பி வந்தது. அரசாங்கமே தன் கோடுகளை இத்தனை முறை அழித்து எழுதிவிட்டது. நம் ஆய்வாளர்கள் மட்டும் பழைய கலெக்டர் வரைபடத்தின் மேல் கூத்தை உட்கார வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டத்தில், பாட்டில், அணிகலனில் இடத்துக்கு இடம் வேறுபாடு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கண்ணும் காதும் உள்ள எவருக்கும் அது தெரியும். அந்த வேறுபாடுகளில் எதைப் பெயராக்குவது, எதைப் பேசாமல் விட்டுவிடுவது என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது.

பெயர்ச் சண்டைக்கு வருவோம். புரிசைக் குழுவினர் தங்கள் கலையைத் தெருக்கூத்து என்றே சொல்கிறார்கள். 'துரைசாமி கண்ணப்பத் தம்பிரான் பரம்பரைத் தெருக்கூத்து மன்றம்' என்று குழுவின் பெயரிலேயே தெரு இருக்கிறது. அதே செய்யாறு வட்டாரத்துப் பெருங்கட்டூர் மரபில் வந்த பெ. ராஜகோபாலும், கூத்தை ஆராய வந்து இங்கேயே தங்கிவிட்ட ஹன்னே டி புருய்னும் அதைக் கட்டைக்கூத்து என்கிறார்கள். 1990இல் காஞ்சிபுரத்தில் கலைஞர்களின் சங்கம் அந்தப் பெயரில்தான் தொடங்கியது. 1999இல் வந்த டி புருய்னின் ஆய்வு நூலுக்கும், 2002 முதல் 2020 வரை காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த குருகுலத்துக்கும் அதே பெயர்தான். அவர்கள் வாதம் எளிமையானது: தெரு என்ற சொல்லில் இளக்காரம் ஒட்டியிருக்கிறது, அது வெளியிலிருந்து வைத்த பெயர், கட்டை கட்டி ஆடுகிறவன் தன்னை அப்படித்தான் அடையாளப்படுத்திக்கொள்கிறான்.

இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 'கூத்தாடி' என்பது வசவாக இருக்கிற மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கட்டை என்றால் என்ன? கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம்: எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டிய அணிகள். அவற்றைக் கட்டுகிறவர்கள் துரியோதனன், கர்ணன், அர்ச்சுனன் போன்ற ராஜாக்களும் வீரர்களும். கட்டியக்காரனுக்குக் கட்டை கிடையாது. பாஞ்சாலிக்கும் கிடையாது. ராத்திரி முழுக்க ராஜாவை வாய்க்கு வந்தபடி கேலி பண்ணுகிறவனும், நடுச்சபையில் நின்று நியாயம் கேட்கிறவளும் பெயருக்கு வெளியே நிற்கிறார்கள். மரியாதை தேடிப் போன இடத்தில் நமக்குக் கிடைத்தது கிரீடம்தான். தெரு என்ற சொல்லில் இழிவு இருந்தது உண்மை. ஊர் நடுவே வழிமறித்து உட்கார்ந்துகொள்ளும் உரிமையும் அதே சொல்லில் இருந்தது. எனக்குத் தெருவே போதும். ஆனால் நான் கட்டை கட்டி ஆடியவனில்லை. என் விருப்பத்துக்கு அந்த அளவுக்குத்தான் மதிப்பு.

வகைபிரிப்பது நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்திலேயே வேத்தியல், பொதுவியல் என்று இருக்கிறது: அரசனுக்கு ஆடுவது, ஊருக்கு ஆடுவது. மேலும் கீழுமான பிரிவினைதான். ஆனாலும் யாருக்காக ஆடுகிறோம் என்பதை அது மறைக்கவில்லை. நம் காலத்து 'நாட்டுப்புறம்', 'செவ்வியல்' என்ற பிரிவினை அதே வேலையை அழகியலின் பெயரால் செய்கிறது.

கூத்துப் பார்க்கிற ஊர்களிலும் வகைபிரிப்பு உண்டு. அது வேறு மாதிரி. சாவு விழுந்த வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம். மழை இல்லையென்றால் விராட பர்வம். திரௌபதி அம்மன் திருவிழாவில் வில்வளைப்பு, துகில், தபசு என்று ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு கூத்து. கடைசியில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றிப் படுகளம், பிறகு தீமிதி. கூத்து என்ன வேலை செய்கிறது என்பதை வைத்து இந்தப் பிரிவினை. அர்ச்சுனன் வேஷக்காரர் உயர நட்ட தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம் பழத்தையும் விபூதியையும் போடும்போது, பிள்ளை வரம் கேட்டு ஈரப் புடவையோடு கீழே காத்திருக்கும் பெண்களிடம் போய் இது வடக்கத்திப் பாணியா என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர் எனக்குச் சொன்ன பதில் இதுதான். ஊர், நாள், கூப்பிட்டவர்: அவர் தன் வகைமையைத்தான் சொன்னார்.

அந்தத் தபசு மரம் மாமல்லபுரத்தில் கல்லில் நிற்கிறது. பாறைச் சிற்பத்தை ஜனங்கள் அர்ச்சுனன் தபசு என்கிறார்கள். இல்லை, அது கங்கை இறங்குவது என்று 1914இல் விக்டர் கோலூபேவ் எழுதினார். சண்டை இன்னும் ஓயவில்லை. ஒற்றைக்கல் ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் சம்பந்தமில்லை, திரௌபதி ரதத்துக்கு உள்ளே இருப்பது துர்க்கை என்பதில் சண்டையே இல்லை. பெயர் தப்புதான். ஆனால் பல்லவன் விட்டுப்போன கல்லை ஜனங்கள் பாரதக் கதைக்குள் இழுத்துக்கொண்டதன் தடம் அந்தத் தப்பில் இருக்கிறது. தொல்லியல் அதைத் திருத்தலாம். இலக்கிய மாணவனுக்கு அந்தத் தப்பும் ஒரு பிரதி.

இது கூத்துக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. எழுபதுகளில் ஐரோப்பாவில் 'புரோகிரசிவ் ராக்' என்று ஓர் இசை இருந்தது: நீண்ட பாட்டுகள், சிக்கலான தாளம், மேற்கத்திய சாஸ்திரிய இசையிலிருந்து எடுத்த அமைப்பு. அதை இன்று பல உட்பிரிவுகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பிரிவின் பெயர் 'சிம்ஃபோனிக்'. நம்மூர்ச் 'செவ்வியல்' ஆசைதான் அதிலும் இருக்கிறது. இன்னொன்று 'கேன்டர்பரி', ஓர் ஊர்ப் பெயர். புரிசை, பெருங்கட்டூர் மாதிரி. ஜெர்மன் குழுக்களின் இசைக்கு ஆங்கிலேயப் பத்திரிகைகள் 'கிரவுட்ராக்' என்று பெயரைப் பரப்பின. கிரவுட் என்றால் முட்டைக்கோஸ். ஜெர்மன்காரனை இளக்காரமாகச் சொல்கிற சொல். அந்த இசைக்காரர்கள் பலருக்குப் பெயர் பிடிக்கவில்லை. பெயர் நிலைத்துவிட்டது.

இவற்றில் என்னை உறுத்துவது 'ராக் இன் அப்போசிஷன்'. 1978 மார்ச்சில் ஹென்றி கௌ என்ற இங்கிலாந்துக் குழு, இத்தாலி, பெல்ஜியம், ஸ்வீடன், பிரான்ஸ் நாடுகளிலிருந்து நான்கு குழுக்களை லண்டனுக்கு அழைத்து ஒரே மேடையில் ஏற்றியது. ஐந்தும் வேறு வேறு இசை. ஸ்டார்மி சிக்ஸ் அரசியல் பாட்டிலிருந்து வந்தது. யூனிவர் ஜீரோவின் இசை இருண்டது, அறையிசை போன்றது. இசைத்தட்டுக் கம்பெனிகள் தங்களை ஏற்காததும், தாங்கள் கம்பெனிகளை ஏற்காததும்தான் அவர்களைச் சேர்த்தது. அது ஒரு கூட்டமைப்பு, கிட்டத்தட்ட ஒரு சங்கம். சில வருஷம்கூட நிலைக்கவில்லை. இன்று அந்தப் பெயர் ஓர் 'ஒலி'யைக் குறிக்கிறது; இந்த மாதிரி தாளமும் இந்த மாதிரி அபஸ்வரமும் வந்தால் இந்த உட்பிரிவு என்று ரசிகர்கள் பட்டியல் போடுகிறார்கள். எதிர்ப்பு போய்விட்டது, சரக்கின் மேல் சீட்டு மட்டும் ஒட்டியிருக்கிறது. ஒரு செயலின் பெயர் பாணியின் பெயராக மாறுவது இப்படித்தான். கட்டைக்கூத்தும் முதலில் கலைஞர்கள் கூடிச் சங்கம் வைத்த பெயர் என்பதை நாம் மறந்தால், அதுவும் நாளைக்குத் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகிவிடும்.

அட்டவணை மறைப்பது எதை என்பதற்கு வருகிறேன். 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகள் உள்ளே வருவதை எதிர்த்து எழுந்த தகராறில், தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலை அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்தார்கள். அட்டவணைப்படி அது தெற்கத்திப் பாணிப் பிரதேசம். பாஞ்சாலிக்கு நடுச்சபையில் நேர்ந்த அநியாயத்தை ராத்திரி ராத்திரியாகப் பாடுகிற மரபின் கோயில் அது. அங்கே யார் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும் என்பதில்தான் சண்டை. கூத்து பற்றிய எந்தப் பேச்சும் இதிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். நாமோ அடவு எண்ணிக்கொண்டிருந்தோம்.

'நாம்' என்று பன்மையில் ஒளிந்துகொள்வானேன். என் பழைய குறிப்பு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். முகவீணை வாசித்தவரின் ஊர் இருக்கிறது. திரைப் பிரவேசத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று இருக்கிறது. ஆட்டத்தில் போட்ட கிறுக்கிகளைக்கூட எண்ணி எழுதியிருக்கிறேன். பந்தலுக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்கள் யார், தூரத்தில் புளியமரத்தடியில் நின்று பார்த்தவர்கள் யார், அவர்கள் தெருவிலும் இந்தக் குழு ஆடுமா, ஆடினால் எந்தக் கூத்தை ஆடும் என்று ஒரு பக்கத்திலும் இல்லை. திருக்கழுக்குன்றத்துப் பக்கம் அந்தப் பெரியவரை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.