ஒரு நடிகரின் நன்றிக் கடிதம்

அவ்வை தி. க. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ 1972ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். தன்வரலாறு என்று அந்நூல் வழங்கப்படினும், முதிர்ந்த கலைஞர் ஒருவர் தம் குடும்பத்து இளையோர்க்குக் கைப்பட வரைந்த நீண்ட கடிதத்தின் இயல்பே அதில் மேலோங்கி நிற்கிறது. சொல்லலங்காரம் இல்லை, தம் கொள்கையை நிலைநாட்டும் வழக்காடலும் இல்லை. நடந்ததையும் உடனிருந்தவரையும் நினைந்து நினைந்து சொல்லிச் செல்லும் போக்கே உண்டு.

1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர் சண்முகம். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்தில் பெயர் பெற்ற நடிகர். 1918இல், ஆறு வயதில், தமையன்மார் சங்கரன், முத்துசாமி ஆகியோருடன் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிற் சேர்ந்தார். இக்காலப் பிள்ளைகள் பாலர் பள்ளியில் மண் வீடு கட்டி விளையாடும் வயது அது. சண்முகமோ அரிதாரம் பூசி, விடியும்வரை நீளும் நாடகங்களிற் பாடி நடித்தார்.

நூலின் உயிர்நிலை சுவாமிகளைப் பற்றிய பகுதிகளே எனலாம். ஆசிரியராய் இருப்போர் அவற்றை விரைந்து படித்துவிட்டுக் கடந்து செல்லல் இயலாது. பால சபையில் கல்வி பெரிதும் செவிவழிக் கல்வி. பாடலும் உரையாடலும் நெட்டுருவாக வேண்டும். லகர ளகரம் பிறழாது ஒலிக்க வேண்டும். பொருளறிந்து பாட வேண்டும். சிறுவன் சண்முகத்தின் ஆற்றலைக் கண்ட சுவாமிகள், அவனுக்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை எழுதினார். ஆயத்தமாய் இருக்கும் பாடத்திற்குள் மாணவனைத் திணிப்பதே வழக்கமாகிவிட்ட நமக்கு, இச்செய்தி சற்றே உறுத்தலாகவும் இருக்கக்கூடும். சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றும் வழக்கு வேரூன்றியதில் சண்முகத்திற்குப் பெரும்பங்கு உண்டு. எத்தனையோ பேருக்குச் சொல்லைக் கற்பித்த அப்பெரியார், இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்தார். 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். அப்போது சண்முகத்திற்குப் பத்து வயது.

எனினும், நன்றியுணர்வே இந்நூலின் வலிமையாகவும் குறையாகவும் அமைந்துவிட்டது. பால சபைகளில் வாழ்ந்த சிறுவர் பலர் பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராய் அலைந்தவர். பள்ளிப் படிப்பை இழந்தவர். மகரக்கட்டு என்னும் குரல்மாற்றம் வந்துவிட்டால், நேற்றுவரை கைதட்டல் பெற்ற பிள்ளையின் வேடம் இன்னொருவனிடம் போய்விடும். அவ்வாறு கைவிடப்பட்டோர் எத்தனை பேர்? அவர்கள் என்ன ஆயினர்? சண்முகம் இன்னல்களை மறைக்கவில்லை. ஆனால், அவற்றைக் கேள்விக்கு உட்படுத்தவும் இல்லை. யாரையும் நோகச் செய்யாத பண்பு மனிதருக்கு அழகு. வரலாற்றுக்கு அது போதாது.

இக்குறையை உணர விரும்புவோர், எம். ஆர். ராதா சொல்ல விந்தன் எழுதிய ‘சிறைச்சாலைச் சிந்தனைகள்’ நூலை இதனுடன் சேர்த்துப் படித்தல் வேண்டும். ராதாவும் பால சபையில் வளர்ந்தவரே. அவரது நாவில் அதே உலகம் எள்ளலும் சினமும் கலந்து வெளிப்படுகிறது. ராதாவின் பேச்சில் ஆரவாரம் மிகுதி. ஆயினும், சண்முகம் திறக்காத சில கதவுகளை அவர் காலால் உதைத்துத் திறந்துவிடுகிறார்.

பிற்காலப் புகழைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. சகோதரர்கள் 1925இல் சொந்தச் சபை கண்டதும், ஏறத்தாழ முப்பது வயதில் மூதாட்டி ஔவையாராக வேடமேற்றுச் சண்முகம் அப்பெயரையே அடைமொழியாகப் பெற்றதும் பலரும் அறிந்தவை. 1996இல் வந்த ‘அவ்வை சண்முகி’ திரைப்படத்தின் பெயரைக் கேட்டு நகைத்த இளைஞர்க்கு, அதற்குப் பின்னால் நிற்கும் இம்மனிதரை எடுத்துச் சொல்லுதல் நலம். அதில் நடித்த கமல்ஹாசன் இளமையில் இவரது நாடகக் குழுவில் பயின்றவர்.

மேல்வகுப்பு மாணவர்க்குக் கட்டுரை நடை கற்பிப்போர் இந்நூலை முழுமையாக எடுத்துக்கொள்ள நேரமிராது. சுவாமிகளும் சிறுவர்களும் உடனிருந்த காலத்தைச் சொல்லும் பகுதிகளை மட்டுமேனும் வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்யலாம். மேடையில் ஆயிரம் பேர் முன் அழுது காட்டிய நடிகர், அங்கே குரலை உயர்த்தாமல் எழுதியிருக்கிறார்.