பணம் முதலில், பத்திரம் பிறகு

கோத்ரெஜ் ப்ராஜெக்ட்ஸ் வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, வீடு வாங்குவோருக்குக் கிடைத்த வெற்றி என்று பலரும் எழுதினார்கள். குருகிராமில் 2014இல் ஃபிளாட் பதிவு செய்தவர்கள், சந்தை விலை சரிந்துவிட்டது, எங்களுக்கு வீடு வேண்டாம் என்று 2017இல் விலகிய வழக்கு அது. அடிப்படை விலையில் 20 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது என்றது நிறுவனம். அந்த ஒப்பந்தமே ஒருதலையானது, 10 விழுக்காட்டுக்கு மேல் தொடக்கூடாது என்ற நுகர்வோர் ஆணையத்தின் முடிவை உச்ச நீதிமன்றமும் ஏற்றது. கட்டுமானத் துறையினரும் இப்போது இதே தீர்ப்பைத்தான் கையில் எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள்: பத்து விழுக்காடு நியாயம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே! வாங்குகிறவர், விற்கிறவர் இருவருமே மகிழும் தீர்ப்பு என்றால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வழக்கின் அளவில் தீர்ப்பில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வீடு தயாராக இருந்தது. விலகியவர்கள் தங்கள் கணக்குத் தப்பியதால் விலகினார்கள். ஆனாலும் அவர்கள் இழந்தது 17 லட்சம் ரூபாய்க்கு மேல் என்பதை மறந்துவிட வேண்டாம். என் கவலை வேறு. கையெழுத்தான ஒப்பந்தத்தை மூன்றாண்டு கழித்து முறித்தவருக்குச் சொன்ன கணக்கை, ஒப்பந்தத்தையே கண்ணால் பாராமல் பணம் கட்டியவரின் தலையிலும் கட்டுகிறார்களே, அதுதான் பேச வேண்டிய விஷயம்.

2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம், ரெரா என்று எல்லோரும் சொல்வது, நல்ல சட்டம். பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்யக்கூடாது, வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் கிடக்க வேண்டும், விலையைக் கார்பெட் ஏரியாவை வைத்துச் சொல்ல வேண்டும். முன்பிருந்த காட்டுத் தர்பாரைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தாமதமானால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கும் உரிமை நிபந்தனையற்றது என்று 2021இல் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் மேலே பேசுகிறேன்.

சட்டத்தின் 13ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. பாதுகாப்பாகத்தான் இதை எழுதினார்கள். ஆனால் திருப்பிப் போட்டுப் படித்தால் என்ன வருகிறது? ஒப்பந்தம் இல்லாமலே பத்து விழுக்காடு வரை வாங்கலாம் என்று வருகிறது. சட்டம் வைத்த உச்சவரம்பு நடைமுறையில் கட்டணமாகிவிட்டது. ஒரு கோடி ரூபாய் வீட்டுக்குப் பத்து லட்சம். அதைக் கட்டும் நாளில் வாங்குகிறவர் கையில் இருப்பவை ஒரு காஸ்ட் ஷீட், வழவழப்பான ஒரு கையேடு, இரண்டு பக்கப் புக்கிங் ஃபார்ம். வேறொன்றுமில்லை.

அந்த இரண்டு பக்கத்தைப் பொறுமையாகப் படித்தவர்கள் குறைவு. நான் பார்த்த படிவங்கள் பலவற்றில் இருப்பவை ஏறக்குறைய இவைதான்: நிலத்தின் உரிமை ஆவணங்களைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டேன், வங்கி கடன் மறுத்தால் அதற்கு நிறுவனம் பொறுப்பாகாது, பின்னால் தரப்படும் ஒப்பந்தத்தின் விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன், விலகினால் பதிவுத் தொகையை விட்டுக்கொடுக்கிறேன். தாய்ப்பத்திரத்தின் நகலைக்கூடப் பார்க்காதவர், பார்த்துத் திருப்தி அடைந்தேன் என்று கையெழுத்துப் போடுகிறார். இன்னும் தட்டச்சே ஆகாத ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை, நட்சத்திர ஓட்டலில், இன்றைக்குள் போட்டால் சதுர அடிக்கு இருநூறு ரூபாய் குறைவு என்று விற்பனை இளைஞர் சொல்லிக்கொண்டு நிற்கும்போது வேறு என்ன செய்ய முடியும்?

உண்மையான ஆவணங்கள் பிறகுதான் வருகின்றன. தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கமாக இருந்தது இரட்டைப் பத்திரம்: நிலத்தில் பிரிவுபடாத பங்குக்கு (யூ.டி.எஸ்.) ஒரு விற்பனைப் பத்திரம், கட்டடத்துக்கு ஒரு கட்டுமான ஒப்பந்தம். வரைவு கைக்கு வந்து வழக்கறிஞரிடம் போகும்போதுதான் கேள்விகள் பிறக்கின்றன. பொது அதிகாரப் பத்திரம் யார் கொடுத்தது, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டார்களா, வில்லங்கச் சான்றில் தெரியும் அந்த அடமானம் தீர்ந்ததா, நம் யூ.டி.எஸ். பங்கு இவ்வளவுதானா, கார் நிறுத்தும் இடம் எழுத்தில் இருக்கிறதா. இவற்றில் ஒன்றுக்குச் சரியான பதில் இல்லையென்றால் அறிவுள்ள மனிதர் விலக வேண்டும். ஆனால் விலகினால் பத்து லட்சம் போகும். ஆகவே விலகுவதில்லை. பேரமும் பேசுவதில்லை. ஸ்டாண்டர்டு ஃபார்மட் சார், யாருக்கும் மாற்றுவதில்லை என்று ஒரே வரியில் பதில் வரும்; கையெழுத்தும் விழும்.

ஒருதலையான ஒப்பந்தங்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்று கேட்பவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். 2019இல் பயனியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஒப்பந்தத்தை விரித்துப் பார்த்தது: வாங்கியவர் தவணை தவறினால் 18 விழுக்காடு வட்டி, நிறுவனம் பணத்தைத் திருப்பித் தருவதானால் 9 விழுக்காடு. வேறு வழியில்லாமல் புள்ளியிட்ட கோட்டில் கையெழுத்திட்டவரை இது கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. சரிதான். ஆனால் வேறு வழியில்லாத நிலை எப்படி வந்தது? பணம் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டதால் வந்தது. விளைவை நீதிமன்றம் பல ஆண்டு கழித்துத் துடைக்கிறது. காரணத்தைச் சட்டம் பத்து விழுக்காடு வரை அனுமதிக்கிறது.

பதிவுத் தொகையை ஆதரிப்பவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். பணம் கட்டினால்தான் வாங்குகிறவருக்கு அக்கறை இருக்கும் என்பது ஒன்று. அவர் பெயரில் ஒதுக்கிவைத்த வீட்டை வேறு யாருக்கும் விற்க முடியாததால் நட்டம் என்பது மற்றொன்று. பத்து வீட்டைப் பிடித்துவைத்துக் கைமாற்றி விடுகிற வியாபாரிகள் இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அவர்களைத் தடுக்க ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ போதும். நட்டக் கணக்குதான் எனக்குப் புரியாதது. கட்டி முடிக்காத வீடு, ஒரு மாதம் ஒருவர் பெயரில் இருந்தது, அவர் விலகினார், அதே வீடு அடுத்த மாதம் ஏறிய விலையில் போகிறது. இதில் நட்டம் எங்கே? 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் இதே கேள்வி எழுந்தது. டெல்லி வளர்ச்சி ஆணையம் 3.12 கோடிக்கு ஏலம் போன மனையின் முன்பணம் 78 லட்சத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையை 11.78 கோடிக்கு மறு ஏலம் விட்டது. நட்டமே இல்லாதபோது பறிமுதல் எதற்கு, திருப்பிக் கொடு என்றது உச்ச நீதிமன்றம். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தருவது நியாயமான இழப்பீட்டை. இழப்பே இல்லாத இடத்தில் ஈடு என்ன? தரகருக்குக் கொடுத்த கமிஷன் என்பார்கள். அது விற்கிறவர் தன் வியாபாரத்துக்காகச் செய்த செலவு. அதை வாங்காமல் போனவரிடம் ஏன் வசூலிக்க வேண்டும்?

சட்டத்துக்குள்ளேயே ஒரு விந்தையும் இருக்கிறது. மத்திய அரசு 2016இல் யூனியன் பிரதேசங்களுக்காக வெளியிட்ட மாதிரி விற்பனை ஒப்பந்தத்தில் இரண்டு விதிகள் உள்ளன. நிறுவனத்தின் மேல் தவறில்லாமல் வாங்குகிறவர் விலகினால் பதிவுத் தொகை போய்விடும் என்பது ஒன்று. அனுப்பிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அவர் திருப்பித் தராவிட்டால், அறிவிப்புக்கும் கெடுவுக்கும் பிறகு விண்ணப்பம் ரத்தாகி, பதிவுத் தொகை உள்ளிட்ட முழுப் பணமும் வட்டியில்லாமல் திரும்பும் என்பது இன்னொன்று. அதாவது கையெழுத்துக்கு முன் பறிமுதல் கிடையாது என்பதே மாதிரியை எழுதியவர்களின் எண்ணம். ஆனால் கையெழுத்திடாதவரைக் காக்கும் அந்த விதி அவர் கையெழுத்திடாத ஒப்பந்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது! அவர் கையெழுத்திட்டதோ புக்கிங் ஃபார்மில். அங்கே எழுதியிருப்பது வேறு.

ரெராவின் மற்றப் பாதுகாப்புகளும் இந்த இடைவெளியில் மெலிந்துவிடுகின்றன. 18ஆம் பிரிவு நிறுவனம் தவறினால்தான் விழிக்கும். விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ பொய் சொன்னார்கள் என்று நிறுவினால் 12ஆம் பிரிவு உதவும். நிறுவும் வேலை வாங்கியவருடையது. ஒதுக்கீட்டுக் கடிதம் கையில் இல்லாதவரை, நீங்கள் இன்னும் ஒதுக்கீடு பெற்றவரே இல்லை, வெறும் விண்ணப்பதாரர் என்று வாதாடவும் வழி இருக்கிறது. காரணம் சொல்லாமல், முதல் சில நாட்களுக்குள், முழுப் பணத்தோடு விலகும் உரிமையை இந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் நான் காணவில்லை.

இது உலக வழக்கம், வேறெப்படி நடக்கும் என்பவர்கள் மலேசியாவைப் பார்க்கட்டும். அங்கே வீட்டு மேம்பாட்டு விதிகளின்படி, விற்பனை ஒப்பந்தம் விதிக்கும் தொகையைத் தவிர வேறு எந்தப் பெயரிலும் பணம் வாங்கக்கூடாது. இருந்தும் நிறுவனங்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தன. வீடு தருவதில் தாமதம் ஏற்பட்டபோது கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற வழக்கு, பி.ஜே.டி. ரீஜென்சி வழக்கு, கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. பதிவுக் கட்டணம் வாங்கியதே சட்டவிரோதம், வாங்கிய நாளிலிருந்தே கெடுவை எண்ணு என்று 2021 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. முன்கூட்டி வாங்கிய பணமே நிறுவனத்தின் கழுத்துக்குச் சுருக்கானது. இதனால் அங்கே அடுக்குமாடிகள் எழாமல் போய்விடவில்லை.

சிங்கப்பூர் இவ்வளவு கண்டிப்பு காட்டுவதில்லை; அங்கே பதிவுக் கட்டணம் உண்டு, பொதுவாக விலையில் 5 விழுக்காடு. ஆனால் இரண்டு வாரத்துக்குள் ஒப்பந்தம் வாங்குகிறவர் கைக்கு வர வேண்டும், படித்து முடிவெடுக்க மூன்று வாரம், வேண்டாமென்றால் கட்டணத்தில் கால் பங்குதான் போகும். முக்கால் பங்கு வீட்டுக்குத் திரும்பும்.

வெளிநாட்டுப் பேச்சு வேண்டாம் என்றால் மகாராஷ்டிரம் இருக்கிறது. அங்கே ரெரா ஆணையம் தந்த மாதிரி ஒதுக்கீட்டுக் கடிதத்தின்படி, 15 நாளுக்குள் விலகினால் பிடித்தம் எதுவும் இல்லை. 30 நாள் வரை 1 விழுக்காடு, 60 நாள் வரை ஒன்றரை, அதற்கும் மேல் போனால் 2. நம்மைப் போல அதே நாடாளுமன்றச் சட்டத்தின்கீழ், அதே 13ஆம் பிரிவை வைத்துக்கொண்டு செய்தது இது. அந்த அட்டவணையிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நாள் எண்ணிக்கை தொடங்குவது ஒதுக்கீட்டுக் கடிதத்திலிருந்து. ஒப்பந்த வரைவு கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால்தான் படித்துப் பார்க்க இடமிருக்கும்.

கட்டுப்படுத்தும் உத்தரவுகளைப் பிறப்பிக்கும் அதிகாரத்தை 37ஆம் பிரிவு ஒவ்வொரு மாநில ஆணையத்துக்கும் தருகிறது, தமிழ்நாட்டு ஆணையத்துக்கும். 13ஆம் பிரிவைத் திருத்த டெல்லிக்குப் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பத்திரங்களின் வரைவையும் வழக்கறிஞரின் உரிமைக் கருத்துரையையும் காசோலை வாங்குவதற்கு முன்பே கொடு. கொடுத்த நாளிலிருந்து பதினைந்து நாள், வங்கி கடன் மறுத்தாலும் மனம் மாறினாலும், பணம் முழுதும் திரும்ப வேண்டும். இதற்கு முரணாகப் படிவத்தில் எது எழுதியிருந்தாலும் செல்லாது. மூன்று வரி உத்தரவு. விற்பனை குறைந்துவிடும் என்று துறையினர் மனுக் கொடுப்பார்கள். பதினைந்து நாள் படித்துப் பார்த்தால் குறையும் விற்பனை எந்த மாதிரியான விற்பனை என்று அந்த மனுவின் மேல் விசாரணை நடக்கும்போது யாராவது கேட்க வேண்டும்.